கடல் எல்லா கார்பனையும் விழுங்கிடுமா? உலகத்தின் நிம்மதியைக் கலைத்த ரோஜர் ரெவெல்... யார் இவர்?

நாம ஓட்டுற பைக், கார், மின்சாரத்துக்காக எரிக்கிற நிலக்கரி... இதிலிருந்து வெளியே வர்ற கார்பன் டை ஆக்சைடு எல்லாம் எங்கே போகுது?

பாதிக்குச் சற்றுக் குறைவான அளவு காற்றிலேயே தங்கிவிடுகிறது. மீதியை காடுகளும் மண்ணும் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம் என இழுத்துக்கொள்கின்றன. இதில் கடலின் பங்கு மட்டும் ஏறக்குறைய கால்வாசி.

இது இன்றைய கணக்கு. ஆனா 1950-கள் வரை பெரும்பாலான விஞ்ஞானிகள் நினைத்தது வேறு. கடல் அவ்வளவு பெரிசு. மனிதன் எவ்வளவு புகை விட்டாலும் அதில் பெரும்பகுதியைக் கடல் உள்ளே இழுத்துக்கொள்ளும், கவலைப்பட ஒன்றுமில்லை என்பதுதான் அன்றைய பொதுவான நம்பிக்கை.

அந்த நிம்மதியைக் கலைத்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கடல் விஞ்ஞானி ரோஜர் ரெவெல். இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், தொடக்கத்தில் அவரும் கடலைத்தான் நம்பினார்.

கடலடிச் சேற்றில் தொடங்கிய கதை

1909 மார்ச் 7-ம் தேதி அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார் ரெவெல். வளர்ந்தது கலிஃபோர்னியாவின் பசடீனாவில். கல்லூரியில் படித்தது புவியியல் பாறைகளைப் பற்றி. கடலைப் பற்றி அல்ல.

1931-ல் கலிஃபோர்னியாவின் லா ஹோயா கடற்கரையில் இருந்த ஸ்கிரிப்ஸ் கடல் ஆய்வு நிறுவனத்துக்கு ஆராய்ச்சி மாணவராகப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, பசிபிக் கடலின் அடியில் இருந்து எடுத்துவரப்பட்ட சேற்றை ஆராய்வது. கார்னகி என்ற ஆய்வுக் கப்பல் சேகரித்த சேறு அது. அந்தக் கப்பலே 1929-ல் சமோவா தீவின் அபியா துறைமுகத்தில் எரிபொருள் நிரப்பும்போது வெடித்து அழிந்துவிட்டது. அதன் கடைசிப் பயணத்தின் மிச்சம்தான் ரெவெலின் முனைவர் பட்டத்துக்கு மூலப்பொருள் ஆனது. 1936-ல் பட்டம் பெற்றார்.

சேற்றில் சுண்ணாம்புச் சத்து இருக்கும். அது எப்போது கரையும், எப்போது படியும் என்று பார்க்கப் போனால், கடல்நீரில் கார்பன் என்ன பாடுபடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அப்படித்தான் 1934-லேயே, கடல்நீர் தன் அமிலத்தன்மை மாறாமல் எப்படிச் சமாளிக்கிறது என்ற ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவராக இருந்தார். அப்போது யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. இந்த விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 20 வருடம் கழித்து இது திரும்ப வரும்.

அணுகுண்டு எழுப்பிய கேள்வி

இரண்டாம் உலகப் போரில் ரெவெல் அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றினார். போர் முடிந்த மறு வருடம், 1946-ல், பசிபிக்கின் பிகினி தீவுக்கூட்டத்தில் அமெரிக்கா அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. அந்தச் சோதனையில் கடல் ஆய்வுக் குழுவை வழிநடத்தியவர் ரெவெல்.

அங்கே ஒரு அடிப்படைக் கேள்வி எழுந்தது. கதிர்வீச்சுக் கழிவு கடலில் விழுந்தால் அது எங்கே போகும்? மேல்மட்ட நீரிலேயே சுற்றுமா, ஆழத்துக்கு இறங்குமா? இறங்க எத்தனை வருடம் ஆகும்? அன்று இதற்கு உறுதியான பதில் யாரிடமும் இல்லை.

கழிவைப் பற்றிக் கேட்ட அதே கேள்வியை கார்பனைப் பற்றியும் கேட்கலாம் அல்லவா? 1950-ல் ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார் ரெவெல். கடற்படை தந்த நிதியும், கப்பல்களும், ஆட்களைத் தேர்வு செய்யும் அதிகாரமும் இப்போது அவர் கையில்.

கடல் பார்த்துக்கும்னு நம்பியது ஏன்?

இதற்கு முன்பே எச்சரித்தவர்கள் இருந்தார்கள். 1938-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த கை காலண்டர் என்ற நீராவிப் பொறியாளர், காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடுகிறது, பூமி சூடாகிறது என்று பழைய பதிவுகளைத் திரட்டிக் காட்டினார். பலரும் ஏற்கவில்லை.

மறுத்தவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது கடல். அந்த நம்பிக்கை முட்டாள்தனம் இல்லை. காற்றில் இருப்பதைப் போல ஏறக்குறைய 50 மடங்கு கார்பன் கடலில் இருக்கிறது. அவ்வளவு பெரிய கிடங்குக்கு, நம் தொழிற்சாலைப் புகை எம்மாத்திரம்?

கடலுக்குள் கார்பன் போக இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, நேரடியாகக் கரைவது. குளிர்ந்த நீர் அதிகம் கரைத்துக்கொள்ளும். சோடா பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்தால் கேஸ் நிற்கும், வெயிலில் வைத்தால் புஸ்ஸென்று போய்விடும். அதே கணக்குதான். வடக்கு அட்லாண்டிக்கிலும் அண்டார்டிகாவைச் சுற்றியும் குளிர்ந்து கனமான நீர் ஆழத்துக்கு இறங்கும்போது, கரைந்த கார்பனையும் கூடவே இழுத்துப் போகிறது.

இரண்டாவது வழி உயிர்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்தாவரங்கள் மேற்பரப்பில் கார்பனை எடுத்து வளர்கின்றன. அவையும், அவற்றைத் தின்னும் உயிர்களின் கழிவும் மடிந்து கீழே இறங்குகின்றன. அதில் ஒரு சிறு பங்கு அடிமட்டம் வரை போய்ச் சேருகிறது.

கிடங்கு பெரிசுதான். ஆனா அதன் வாசல் எவ்வளவு அகலம்? அதை யாரும் அளந்து பார்க்கவில்லை.

காற்றில் இருந்து கடலுக்கு 10 வருடம்

1955-ல் ஹான்ஸ் சூஸ் என்ற வேதியியலாளரை ஸ்கிரிப்ஸுக்கு அழைத்து வந்தார் ரெவெல். சூஸ் ஒரு முக்கியமான தடயத்தைப் பிடித்திருந்தார். அது கார்பன்-14.

காற்றில் இயற்கையாகவே சிறிதளவு கார்பன்-14 இருக்கும். அது கதிரியக்கம் கொண்டது. 5,730 வருடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். நிலக்கரியும் பெட்ரோலும் பல கோடி வருடம் மண்ணுக்குள் கிடந்தவை. அதனால் அவற்றில் கார்பன்-14 கொஞ்சமும் மிச்சம் இருக்காது. அவற்றை எரித்தால் காற்றில் இருக்கும் கார்பன்-14-ன் விகிதம் குறையும். பாலில் தண்ணீர் கலந்த மாதிரி. மர வளையங்களை ஆராய்ந்து, அப்படிக் கலந்திருப்பதை சூஸ் கண்டுபிடித்தார்.

இந்தத் தடயத்தை வைத்து ரெவெலும் சூஸும் கணக்குப் போட்டார்கள். காற்றில் இருக்கும் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு, சராசரியாக சுமார் 10 வருடத்தில் கடலுக்குள் போய்விடுகிறது என்று விடை வந்தது.

10 வருடம்தானா? அப்படியானால் பழைய நம்பிக்கை சரிதானே! புகை எல்லாம் சீக்கிரமே கடலுக்குள் போய்விடும். கட்டுரையும் ஏறக்குறைய அந்த முடிவோடுதான் தயாரானது.

இங்கேதான் ட்விஸ்ட்

1934-ல் ஆராய்ந்த அந்தப் பழைய விஷயம் இப்போது ரெவெலின் கணக்குக்குள் வந்தது.

கார்பன் டை ஆக்சைடு கடல்நீரில் கரைந்ததும் அப்படியே இருப்பதில்லை. நீரில் ஏற்கெனவே இருக்கும் கார்பனேட்டோடு சேர்ந்து பைகார்பனேட்டாக மாறிவிடுகிறது. இந்த மாற்றத்தால்தான் கடலால் இவ்வளவு கார்பனை வைத்துக்கொள்ள முடிகிறது. ஆனா இப்படி மாறும் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கார்பனேட்டைச் செலவழிக்கிறது. மேற்பரப்பு நீரில் கார்பனேட் குறையக் குறைய, அடுத்து வருவதற்கு இடம் குறைகிறது. நீரில் இருந்து வாயு மறுபடி காற்றுக்கே திரும்புகிறது.

ஒரு பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் 10 பேர் ஏறுவதை மட்டும் எண்ணினால், நிறையப் பேரை பஸ் கூட்டிப் போகிறது என்றுதான் தோன்றும். ஆனா அதே ஸ்டாப்பில் 9 பேர் இறங்கினால்? கூடியது ஒருவர்தான்.

கார்பன்-14 காட்டிய 10 வருடம் என்பது ஏறுபவர்களின் கணக்கு. எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்பதை அது சொல்லவில்லை.

எண்ணிக்கையில் சொன்னால், காற்றில் கார்பன் டை ஆக்சைடு 10 சதவீதம் கூடினால், மேற்பரப்புக் கடல்நீரில் மொத்தக் கார்பன் கூடுவது சுமார் 1 சதவீதம்தான். இந்த 10-க்கு 1 என்ற விகிதத்துக்கு இன்று விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் ரெவெல் காரணி.

சரி, ஆழ்கடல் காலியாகத்தானே இருக்கு? மேற்பரப்பு நிரம்பினால் கீழே இறக்கிவிடலாமே? இறக்கலாம். ஆனா மேல் நீரும் அடி நீரும் முழுதாகக் கலந்து முடிய பல நூறு வருடங்கள், சில இடங்களில் 1,000 வருடம் வரை ஆகும். நாம் புகை விடும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது.

கடைசி நேரத்தில் சேர்த்த பத்தி

1957-ல் டெல்லஸ் என்ற அறிவியல் இதழில் ரெவெல் - சூஸ் கட்டுரை வெளியானது. பருவநிலை அறிவியலின் வரலாற்றில் மிக முக்கியமான கட்டுரைகளில் ஒன்றாக இன்று பேசப்படுவது அதுதான்.

ஆனா அதைப் படித்துப் பார்த்தால் ஒரு குழப்பம் தெரியும். பெரும்பகுதி பழைய முடிவையே சொல்கிறது. கடல் பலமாகத் தடுக்கிறது என்ற செய்தி ஒரு சிறு பகுதியில் மட்டும் வருகிறது. கையெழுத்துப் பிரதியை ஆராய்ந்த வரலாற்று ஆய்வாளர்கள், அந்தப் பகுதி கடைசி நேரத்தில் தனியாக டைப் செய்து ஒட்டப்பட்டது என்கிறார்கள். கட்டுரை கிளம்பப் போகும் நேரத்தில் ரெவெல் தன்னையே திருத்திக்கொண்டிருக்கிறார். மீதியைத் திருத்தி எழுதவில்லை.

அதனால் அன்று படித்த பலருக்கு அதன் கனம் புரியவில்லை. 2 வருடம் கழித்து, 1959-ல், ஸ்வீடனைச் சேர்ந்த பெர்ட் போலினும் எரிக் எரிக்சனும் அதைத் தெளிவான கணக்காக விரித்துச் சொன்ன பிறகுதான், காற்றில் கார்பன் வேகமாகக் கூடப்போகிறது என்பது வெளிச்சத்துக்கு வந்தது. அந்தப் போலின்தான் 1988-ல் ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவுக்கு முதல் தலைவர் ஆனார்.

அதே 1957 கட்டுரையில் இன்னொரு கருத்தும் இருந்தது. பல கோடி வருடங்களாகப் பாறைகளில் சேர்ந்த கார்பனை மனிதர்கள் சில நூற்றாண்டுகளிலேயே காற்றுக்கும் கடலுக்கும் திருப்பிக் கொடுக்கிறார்கள். பூமி முழுவதையும் வைத்து ஒரு மாபெரும் பரிசோதனையை நடத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அது. அன்று ரெவெலுக்கு அது பயத்தைவிட ஆர்வத்தையே தந்தது. விஞ்ஞானிகள் கவனித்து அளக்க வேண்டிய ஒரு வாய்ப்பாகவே அதைப் பார்த்தார். எச்சரிக்கை மணியாக மாறியது பின்னால்தான்.

அளப்பதற்கு ஒரு ஆள்

கணக்கு சரியா என்று பார்க்க ஒரே வழி, காற்றை அளப்பது. 1957-58-ல் நடந்த சர்வதேச புவி இயற்பியல் ஆண்டு அதற்குக் கைகொடுத்தது. அதற்கு நிதி கேட்டு அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்பும் ரெவெல் போய் விளக்கினார்.

வேலைக்கு அவர் கொண்டுவந்தவர் இளம் வேதியியலாளர் சார்லஸ் டேவிட் கீலிங். உலகம் முழுவதும் ஒருமுறை அளந்து வைத்துவிட்டு, 20 வருடம் கழித்து மறுபடி அளந்து ஒப்பிடலாம் என்பதே ரெவெலின் முதல் யோசனை. கீலிங் ஒப்புக்கொள்ளவில்லை. விலை உயர்ந்த துல்லியமான கருவிகள் வேண்டும், தொடர்ந்து அளக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். வென்றது கீலிங்கின் பிடிவாதம்.

1958 மார்ச்சில் ஹவாய் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவில் அளவீடு தொடங்கியது. முதல் அளவு, காற்றின் 10 லட்சம் பங்கில் 313 பங்கு. 2 வருடத்திலேயே அது கூடிக்கொண்டு போவது தெரிந்துவிட்டது. கடல் எல்லாவற்றையும் விழுங்கவில்லை என்பதற்குக் கண்ணெதிரே ஆதாரம்.

நிதி இல்லாமல் 1964-ல் சில மாதம் அளவீடு நின்றுபோனது. மறுபடி தொடங்கி இன்று வரை தொடர்கிறது. அந்த எண் இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது.

கைநழுவிய பதவி

இதற்கிடையே சான் டியாகோவில் ஒரு புதிய பல்கலைக்கழகத்தை உருவாக்கும் வேலையிலும் ரெவெல் இறங்கியிருந்தார். அதற்கு இடம் தேடியது லா ஹோயா பகுதியில். அன்று அங்கே யூதர்களுக்கு வீடு விற்பதில்லை என்ற எழுதப்படாத கட்டுப்பாடு இருந்தது. பல்கலைக்கழகம் வந்தால் யூதப் பேராசிரியர்களும் வருவார்கள், இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று ஊர்க்காரர்களிடம் கறாராகச் சொன்னார் ரெவெல். கட்டுப்பாடு உடைந்தது. பல்கலைக்கழகமும் வந்தது.

ஆனா அதன் முதல் தலைவர் பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. பல்கலைக்கழக நிர்வாகக் குழுவில் அவரோடு மோதியவர்கள் இருந்தார்கள். 1961-ல் வேறொருவர் நியமிக்கப்பட்டார். தான் கட்டிய வீட்டில் தனக்கே அறை இல்லாத நிலை. 1964-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். மக்கள்தொகை ஆய்வு மையத்தின் இயக்குநர் பதவி.

அங்கே அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் அல் கோர். பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபரான அவர், பருவநிலைப் பிரசாரத்துக்காக 2007-ல் அமைதி நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தனக்கு இதில் ஆர்வம் வர ரெவெலின் வகுப்புதான் காரணம் என்று பலமுறை சொல்லியிருக்கிறார்.

இந்தியாவோடு என்ன தொடர்பு?

நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் இது. 1964-66-ல் இந்தியக் கல்வி முறையை ஆராய்ந்த கோத்தாரி குழுவில் இடம்பெற்ற வெளிநாட்டு உறுப்பினர்களில் ரெவெலும் ஒருவர். 10, பிளஸ் 2, அதன் பிறகு 3 வருடப் பட்டம் என்று நாம் படிக்கும் முறையைப் பரிந்துரைத்த அதே குழுதான்.

கடல் வழியாகவும் ஒரு தொடர்பு உண்டு. 1957-ல் உருவான சர்வதேசக் கடல் ஆய்வு அறிவியல் குழுவின் முதல் தலைவர் ரெவெல். அதுவரை அதிகம் ஆராயப்படாத இந்தியப் பெருங்கடலைப் பல நாடுகள் சேர்ந்து ஆராயும் பெரிய திட்டத்தை வகுத்தது அந்தக் குழு. 1960-களின் முற்பகுதியில் நடந்த அந்த ஆய்வில் இந்தியாவும் பங்கேற்றது. அதன் தொடர்ச்சியாக 1966-ல் பிறந்ததுதான், இன்று கோவாவில் இருக்கும் தேசியக் கடல் ஆய்வு நிறுவனம்.

வெள்ளை மாளிகைக்குப் போன அறிக்கை

1965-ல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு, சுற்றுச்சூழல் பற்றி ஒரு அறிக்கை தந்தது. அதில் கார்பன் டை ஆக்சைடு பற்றிய பகுதியைத் தயாரித்த குழுவுக்குத் தலைவர் ரெவெல். கீலிங்கும் அதில் உறுப்பினர். துருவப் பனி உருகலாம், கடல் மட்டம் உயரலாம், நன்னீரின் அமிலத்தன்மை கூடலாம் என்று அப்போதே அதில் எழுதியிருந்தார்கள்.

தீர்வு என்ன சொன்னார்கள் தெரியுமா? சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் துகள்களைக் கடல் மேல் பரப்பலாமா என்று யோசித்தார்கள். நிலக்கரி, எண்ணெய் எரிப்பதைக் குறைக்கலாம் என்ற யோசனை அதில் இடம்பெறவில்லை. அந்தக் காலத்தில் அது யாருக்கும் நடக்கக்கூடிய காரியமாகவே தெரியவில்லை.

இன்று கடல் என்ன சொல்கிறது?

1970-களின் நடுவில் சான் டியாகோவுக்கே திரும்பினார் ரெவெல். தலைவர் பதவி தராத அதே பல்கலைக்கழகம், தன் முதல் கல்லூரிக்கு அவர் பெயரைத்தான் வைத்திருந்தது. 1990-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் கிடைத்தது. 1991 ஜூலை 15-ம் தேதி, 82 வயதில் காலமானார்.

அவர் சொன்ன தடை இன்று கடலிலேயே அளக்கப்படுகிறது. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த மேற்பரப்புக் கடல்நீரின் பி.எச். அளவு, இப்போது 8.1-க்கு அருகில். பார்க்கச் சின்ன வித்தியாசம்தான். ஆனா அமிலத்தன்மை சுமார் 30 சதவீதம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். செலவாகிற கார்பனேட்தான் பவளப்பாறைக்கும் சிப்பிக்கும் ஓடு கட்டத் தேவையான பொருள். கார்பனை வாங்கிக்கொள்ள கடல் கொடுக்கும் விலை அது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பூமியில் கூடுதலாகச் சேரும் வெப்பத்தில் 90 சதவீதம் அளவுக்குக் கடலுக்குள்தான் போகிறது. வெயிலில் வைத்த சோடா மாதிரி, சூடான கடல் குறைவாகவே கார்பனைப் பிடித்து வைக்கும். அதோடு, கார்பன் சேரச் சேர ரெவெல் காரணியும் கூடும். அதாவது, கடல் இனியும் இழுக்கும். ஆனா நாம் விடும் புகையில் அதன் பங்கு குறைந்துகொண்டே போகலாம்.

ஸ்கிரிப்ஸ் நிறுவனம் இயக்கும் ஒரு ஆய்வுக் கப்பலுக்கு ரோஜர் ரெவெல் என்றே பெயர். இந்தியப் பெருங்கடலிலும் வங்கக் கடலிலும் அது ஆய்வு செய்திருக்கிறது. உலகக் கடல்களில் அது செய்யும் வேலைகளில் ஒன்று, ஆழத்தில் இருந்து தண்ணீரை எடுத்து அதில் எவ்வளவு கார்பன் சேர்ந்திருக்கிறது என்று அளப்பது.

கடல்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கும் என்று ஒரு காலத்தில் நம்பியவரின் பெயரில், கடலால் எவ்வளவுதான் முடியும் என்ற கணக்கு எடுக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது.